சொந்தப் பேரில் வீடு உள்ளவர் தேவை

“என் பேர்ல என்னம்மா இருக்கு? ஒரு துரும்பு இருக்கா?”

தினமும் காலையில் என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் அண்ணன் இதைத்தான் சொல்வார். அவருக்கு மூன்று மாடி வீடு. ஆனால் அங்கே டீ போட்டுக் கொடுக்க ஆளில்லை. அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, படுக்கையை விட்டு எழுவதற்குள் அவர் ஆபீஸில் பாதி வேலையை முடித்திருப்பார். அதனால் இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிடுவார்.

“மூணு மாடி வீடு என்ன, அந்தரத்துலயா தொங்குது மாமா?” என்பேன்.

“அது உங்க அக்கா பேர்ல.”

“ஊருக்கு வெளியில வேலி போட்ட நிலம்?”

“அது மச்சான் பேர்ல.”

“கடைத்தெருவுல ரெண்டு கடை?”

“மாப்பிள்ளை பேர்ல. கார் பொண்ணு பேர்ல. இந்தச் செருப்பு ஒண்ணுதான்மா என்னுது. அதையும் வெளியில விட்டா எவனாவது மாட்டிட்டுப் போயிடுறான்.”

குறை சொல்கிற மாதிரிதான் சொல்வார். முகத்தில் குறை இருக்காது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையின் முகம் அது.

அவர் அரசாங்கத்தில் நிவாரணப் பிரிவு அதிகாரி. வெள்ளத்திலோ தீயிலோ வீடு போனவர்களுக்குப் பணம் ஒதுக்குவது அவர் வேலை. ஆபீஸில் அவருக்கு ‘சீல் சார்’ என்று பெயர். ரப்பர் முத்திரையை மேசையில் வைக்க மாட்டார், சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். அவருடைய எல்லாச் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் ஊதாக் கறை இருக்கும்.

அவர் கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. திருடரா என்று கேட்டால் ஆமாம். அப்பா செத்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, தம்பியைப் படிக்க வைத்து, லேத் வேலை பழக அனுப்பி, எனக்குக் கட்டியும் வைத்தார். அதெல்லாம் சம்பளத்தில் செய்தது. அப்புறம் செய்ததெல்லாம் முத்திரையில் செய்தது.

எனக்கும் ஒரு நாள் வலை வீசினார்.

“ஒரு இடம் விலைக்கு வருது. உன் பேர்ல போடட்டுமா? கையெழுத்து மட்டும் போடு, போதும்.”

“இடத்தை எனக்குக் குடுக்குறீங்களா, இல்ல என் பேர்ல வைக்கிறீங்களா?”

“வைக்கிறேன்மா.”

“என் பேரு என்ன உங்க வீட்டுப் பரணா மாமா, கண்டதைத் தூக்கி வைக்க?”

புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். “பிழைக்கத் தெரியாதவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடம் மச்சான் பேருக்குப் போனது.

மாட்டிக்கொண்டது ஒரு சுவரால். ஆற்றோரத்துத் தாழ்ந்த பகுதியில் வெள்ளம் புகுந்த வருஷம் அது. எனக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள் அங்கேதான் இருக்கிறாள். அவள் அளவுகளைத் தாளில் எழுதிவைக்கிறவள் இல்லை. மெழுகுப் பென்சிலால் வீட்டு முன் சுவரில் எழுதிவிடுவாள். தண்ணீர் வந்தாலும் அழியாது. வெள்ளத்தில் அந்தச் சுவர் பாதி விழுந்தது. ஆபீஸிலிருந்து ஒருத்தன் படம் எடுக்க வந்தான். தெருவிலிருந்து எடுத்தான், உள்ளே நின்று எடுத்தான், குந்தி உட்கார்ந்து எடுத்தான், பக்கத்து வீட்டு மாடியில் ஏறியும் எடுத்தான். என்ன அக்கறை என்று இவள் அவனுக்குக் காசு போட்டு டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அந்த ஒற்றைச் சுவர் சீல் சாரின் மேசைக்குப் போய் ஒரு தெருவாகிவிட்டது. ஒவ்வொரு கோணமும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லாத ஒரு ஆள், அவனுக்குப் பணம். கடைசியில் உண்மையான சுவர்க்காரி மனுவோடு போய் நின்றபோது, இந்தச் சுவருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்று திருப்பிவிட்டார்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயை அடைக்க ஒரு எழுத்தர் படங்களை எடுத்து முன்னால் போட்டான். எல்லா வீட்டுச் சுவரிலும் அவள் எழுதின அளவுகள்.

என் இடுப்பளவும் அதில் இருக்கிறது. இப்போது அது அரசாங்கத் தரப்புச் சாட்சி. அப்புறம் நான் பெருத்துவிட்டேன் என்று சொன்னாலும் நீதிமன்றத்தில் எடுபடாது.

அவள் கொடுத்த புகாரில் பிடிக்க வந்த போலீஸ் முதலில் மூன்று மாடி வீட்டுக்குத்தான் போனது. என் ஓரகத்தி பால்கனியில் நின்றபடி, “இங்க இல்லீங்க, தம்பி வீட்டுல டீ குடிச்சிட்டிருப்பாரு” என்றாள். மாவு மில்லைத் தாண்டி வலது கைப் பக்கம் என்று அடையாளமும் சொல்லி அனுப்பினாள். காய்கறிக்காரனுக்குக்கூட அவள் அவ்வளவு பொறுமையாக வழி சொன்னதில்லை.

“டீயைக் குடிச்சிட்டு வந்துடுறேன்” என்றார் அவர்.

“அங்கயும் டீ கிடைக்கும், வாங்க சார்” என்று முக்காலியிலிருந்து கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். மரியாதையாகத்தான் தூக்கினார்கள்.

ஜாமீன் கிடைக்காது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிடைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் வினை. வக்கீல் மூன்று மாடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கினார். டீ கொண்டுவந்து கொடுத்தது நான். அந்த வீட்டில் வேறு யார் போடப்போகிறார்கள்?

“ரெண்டு பேர் வந்து பொறுப்பேத்துக்கணும். ரெண்டு பேருக்கும் சொந்தப் பேர்ல வீடோ நிலமோ இருக்கணும். பத்திரத்தை நீதிபதி முன்னாடி வைக்கணும். மோசடி வழக்குங்கறதால, அதை வாங்கின காசு எங்கேருந்து வந்துச்சுன்னும் கேப்பாங்க. பதில் சொல்லிட்டா அன்னிக்கே கூட்டிட்டு வந்துடலாம்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லார் பேரிலும் சொத்து இருந்தது. பதில்தான் ஒருத்தரிடமும் இல்லை.

“காசு குடுத்தா வெளியாள் யாராவது வர மாட்டாங்களா?” என்றாள் ஓரகத்தி.

“இந்த நீதிபதிகிட்ட வாடகை ஆளைக் கூட்டிட்டுப் போனா அவனையும் சேத்து உள்ள போட்டுடுவாரு.”

மச்சான் தொண்டையைக் கனைத்தார். “என் நிலத்துல எல்லைத் தகராறு ஓடுது.”

“போன வாரம்கூட வேலிகிட்ட நின்னு படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தீங்களேண்ணே?” என்றேன்.

“தகராறு அதுக்கப்புறம் வந்துச்சு.”

மாப்பிள்ளை கைப்பேசியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “என் பேரு இதுல வந்தா வேலை போயிடும் அத்தை. அப்புறம் உங்க பொண்ணுதான் கஷ்டப்படுவா.”

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா வெளியில வந்தா தினம் விசாரணைன்னு இழுப்பாங்க. உள்ள இருந்தா நிம்மதி சித்தி.”

“யாருக்குடி நிம்மதி?”

“இவளுக்கு எப்பப் பாரு குத்தல் பேச்சுதான்” என்றாள் ஓரகத்தி. “வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிட்டுப் போனா, உனக்கு ஏதுடி காசுன்னு கேப்பான். நான் என்ன சொல்றது, ஊரு துணியைத் துவைச்சுச் சேத்தேன்னா? வீட்டையும் பிடுங்கிட்டு என்னையும் பிடிச்சு வெச்சுக்குவான். அவரு அங்க நல்லாத்தான் இருக்காரு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். நான் போய்ப் பாத்தேனே, உடம்பு இளைச்சு அழகா இருந்தாரு.”

“அப்ப நீங்களும் கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வாங்கக்கா. உங்களுக்கும் இளைக்கும்.”

என் வீட்டுக்காரர் பட்டறை எண்ணெய் படிந்த கையை மடியில் ஒளித்துவைத்திருந்தார். எழுந்து நின்று, “நான் வர்றேன் வக்கீல் சார்” என்றார்.

“உங்க பேர்ல என்ன இருக்கு?”

இவர் நிஜமாகவே யோசித்தார். “ஒரு சைக்கிள் இருக்கு சார்.”

“பெல் இருக்கா சித்தப்பா?” என்றாள் மகள். கூடமே சிரித்தது. மச்சானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த வீட்டில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனதற்குக்கூட யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். உட்கார்ந்ததும் கேட்டார்.

“உங்க அண்ணி பத்திரத்தை லாக்கர்லேருந்து எடுத்துட்டாளா?”

“எடுத்துட்டே இருக்காங்கண்ணே” என்றார் இவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காது சிவந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. “யாரும் வரல மாமா. வரவும் மாட்டாங்க. மச்சானுக்கு எல்லைத் தகராறு, மாப்பிள்ளைக்கு வேலை பயம், அக்காவுக்கு வீட்டு பயம்.”

வலையில் விரலை மாட்டிக்கொண்டார். “பேருதான் அவங்களுது. எல்லாம் என்னுது.”

“அதை நீதிபதிகிட்ட சொல்லுங்களேன். எது எது எங்கே யார் பேர்ல இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. தண்டனையாவது குறையும்.”

“சொன்னா உங்க அக்காவையும் பிடிச்சு உள்ள போட்டுடுவான். அவளுக்கு ஏசி இல்லாம தூக்கம் வராதும்மா.”

பிறகு தலையைக் கிட்டே கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினார். ஆபீஸில் பேசுவது போல இருந்தது அந்தக் குரல்.

“அந்தத் தையல்காரி இருக்கால்ல, அவ இடம் அவ சொந்தப் பேர்லயே இருக்கு. பத்திரம் சுத்தம். அவ மனுவுல நானே பாத்திருக்கேன். உனக்கு நல்ல பழக்கம்தானே? ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.”

என் வீட்டுக்காரர்தான், “போலாம்” என்று எழுந்தார்.

தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போனபோது அவளிடம் இதைச் சொன்னேன். கேட்பதற்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னேன். விழுந்த பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தாள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் மிஷினை நிறுத்தினாள்.

“அங்க அவருக்கு நாலு பக்கமும் சுவர் இருக்காக்கா?”

“இருக்கு.”

“கதவு?”

“இரும்புக் கதவு.”

“பூட்டு?”

“வெளியில ஆள் நின்னு பூட்டுறான்.”

“எனக்கு மூணு பக்கம்தான் சுவர். அப்ப அவருதான் எனக்குப் பொறுப்பேத்துக்கணும். வர்றாரான்னு கேட்டுட்டு வாங்க.” சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த முறை போனபோது அப்படியே போய்ச் சொன்னேன், ஒரு எழுத்து குறைக்காமல். அவர் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. “மறுமனு போடச் சொல்லு. பழைய மனு நம்பரை மேல எழுதச் சொல்லு. நான் வந்ததும் கவனிக்கிறேன்” என்றார். கை சட்டைப் பையைத் தடவியது. கைதிச் சட்டையில் பை கிடையாது.

என் ஓரகத்தி அவர் அறையைத் தனியாகத் தடுத்து வாடகைக்கு விட்டுவிட்டாள். “வக்கீலுக்குக் கட்ட வேணாமா?” என்கிறாள். வக்கீலோ, வீட்டிலிருந்து போனைக்கூட எடுப்பதில்லை என்கிறார். ஜாமீன் உத்தரவு அப்படியே கிடக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அவர் திருடினார். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தண்டனை கொடுத்தால் அனுபவிக்கட்டும். இப்போது அவர் உள்ளே கிடப்பது நீதிபதி சொல்லி அல்ல, வீட்டார் கணக்குப் போட்டு.

பார்க்க விடுகிற நாளில் விடிந்ததுமே தலையை நனைத்துச் சீவி, கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுகிறாராம். காவல்காரர் சொன்னார். பட்டறையில் லீவு கிடைக்காத வாரம் நாங்களும் போக முடிவதில்லை. அன்றைக்கெல்லாம் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறாராம்.

இதைப் படிக்கிறவர்களில் பல பேருக்கு அவரைத் தெரியும். மகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். அவர் கையெழுத்தில் ஏதாவது காரியம் நடத்திக்கொண்டிருப்பீர்கள். போய்ப் பாருங்கள். பெரிய கேட்டில் நிற்காதீர்கள், பக்கத்தில் சின்னக் கதவு இருக்கிறது. அடையாள அட்டை வேண்டும். சமைத்தது எதுவும் உள்ளே போகாது. சோப்பு கொண்டுபோனால் பாதியாக வெட்டிக் கொண்டுபோங்கள், முழுசாக விட மாட்டார்கள். சொந்தப் பேரில் வீடும் அதை எப்படி வாங்கினீர்கள் என்று சொல்ல வாயும் இருந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள். இல்லாதவர்களிடமும் அவர் ஜாமீன் கேட்பார். முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.