முன்னால் நடந்த அசனார்

கண்டாவளைச் சந்தியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, கொண்டக்டர் என்னிடம் சொன்னார்: "அண்ணை, உங்கட அசனார் நானா மௌத்தாம். மத்தியானத் தொழுகையோடை அடக்கமாம்." உடனே காரை எடுத்தேன். என் கார் எப்படி ஓடும் என்பது அசனாரை அறிந்த உங்களுக்கும் தெரியும். துள்ளாது, விரையவும் விரையாது. பரந்தனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்துவிட்டார்கள்.

பரந்தன் கடைத்தெருவில் கார் திருத்துபவர் அவர்; என்னைவிட இரண்டு வயது இளையவர். கடைத்தெருவே அண்ணன் முறையில் நானா என்றதால் நானும் நானா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். ஆளையாள் மூத்தவராக்கிக்கொண்டே காலத்தைக் கழித்தோம்.

என் வாடகைக் கார் ஒரு காலத்தில் பறந்தது. வேகம் கூட எஞ்சினின் தலையைச் சீவி, லொறி ஒன்றில் கழற்றிய, பெற்றோல் ஊட்டும் பெரிய காபரேற்றரைப் பூட்டியவர் அவர்தான். என் கிறுக்கு என்று ஊர் சொன்னது. பாதிக் கிறுக்கு அவருடையது. முல்லைத்தீவு றோட்டில் பஸ்ஸை முந்தியபோது பக்கத்தில் இருந்து கைதட்டினார். மெதுவாக ஓட்டினால் துள்ளி நின்றுவிடுகிறதே என்று முறையிட்டேன். "மெதுவாய்ப் போறதுக்கு மாட்டு வண்டில் இருக்கு அண்ணை" என்றார்.

பிறகு ஒரு மாரியில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் என் மனைவிக்கு இரத்தம் பட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஆனால் ஒரு உலுக்கும் கூடாது. உலுக்கினால் பிள்ளை தங்காது" என்றா மருத்துவிச்சி. றோடு முழுக்கக் குழியும் சேறும். வண்டில் உலுக்கும். கார் முற்றத்திலேயே இரண்டு தரம் துள்ளி நின்றது. பரந்தனுக்கு, நானாவிடம் ஆள் அனுப்பினேன்.

பழைய சின்னக் காபரேற்றரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பெரியதைக் கழற்றிச் சின்னதைப் பூட்டினார், பிளக்குகளைத் துடைத்தார், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினார், ஒரு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார்.

"நேரம் போகுது நானா, கெதியாய்!" என்று கத்தினேன்.

"கெதியாய் ஓடச் செய்ததைத்தானே அண்ணை இப்ப கழட்டுறன்."

எஞ்சின் ஒரே சீராக முணுமுணுத்தது. மனைவியைப் பின்சீற்றில் கிடத்தினோம். அவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். "முதல் கியரிலை விடுங்கோ. அக்சிலேற்றரிலை காலே வையாதையுங்கோ. அது தானாய் நடக்கும். நான் போற தடத்திலை வாங்கோ."

பெரிய றோடு வரும்வரை சேற்றில் வெறுங்காலோடு, குழி பார்த்து விலகி விலகி நடந்தார். கார் அவர் குதிக்காலைப் பார்த்தபடி பின்னால் நடந்தது. ஒருதரமும் துள்ளவில்லை.

மகளுக்கு இப்போது ஏழு வயது.

அதன்பிறகு கண்ட இடமெல்லாம் கேட்பார்: "எப்ப அண்ணை பழைய வேகத்துக்கு மாத்துவம்?" வாற மாதம் என்பேன். பறக்க விட்டதைத்தான் தன் பெரிய வேலை என்று அவர் நினைத்திருந்தார். அன்று நடக்க விட்டதுதான் பெரிய வேலை என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என்னை உறுத்துகிறது.

லொறிக் காபரேற்றர் என் அலுமாரியில் கிடக்கிறது. கேட்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொள்வது அவர் கடைசியாகத் திருப்பிய திருகாணியை; அதில் இன்றுவரை ஒருவரையும் கை வைக்க விடவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது அன்று அவர் முன்னால் நடந்த அந்தப் பழுதான றோட்டுத் துண்டு வந்தது. முதல் கியரில் விட்டுக் காலை எடுத்தேன். முன்னால் ஒருவரும் இல்லை. கார் நடந்தது.