வலையில் செத்த நரி

நரித்தோல் விற்க வருகிறவன் எவனும் உண்மை சொல்ல மாட்டான். கோபத்தில் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் அந்தத் தோல்களின் உள்பக்கத்தை மோந்து பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் தோல் மண்டி வைத்திருந்தார். ஆட்டுத்தோல்தான் முக்கிய வியாபாரம். நரித்தோலுக்குத் தடை வராத காலம் என்பதால் பனி மாதங்களில் கல்வராயன் மலையிலிருந்து அதுவும் வரும். மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார். வருகிற தோலில் பாதி ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும், மீதியைப் பூச்சி அரித்திருக்கும். அவற்றைச் சரிபண்ணி விற்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. மண்டிக்குப் பின்னாலேயே வீடு இருந்ததால் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து தைப்பேன்.

உப்புப் போட்டு அப்பளம் மாதிரி காய்ந்து வரும் தோலை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் இளகிவிடும். வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் சுருங்கிக் குமிழ் தட்டும். இரண்டு முனையும் கூராக, வேப்பிலை மாதிரி வெட்டிக்கொண்டு, உள்பக்கமாக நெருக்கித் தைக்க வேண்டும். ஊசி போகும்போதே முடியை மறுபக்கம் தள்ளிவிட வேண்டும். பெரிய ஓட்டையென்றால் கால் பக்கத்துத் துண்டை ஒட்டுப் போடுவேன். ஒட்டின் முடி சாய்கிற திசை பார்த்து வைக்காவிட்டால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பலகையில் ஆணியடித்து நிழலில் காயவைத்து, தவிட்டால் தேய்த்துப் பிசுக்கை எடுத்து, பிரம்பால் தட்டி, சீப்பால் வாரிவிட்டால் ஏஜென்ட் வாயால் ஊதிப் பார்த்தாலும் தையல் தெரியாது. அப்படியானால் நீயும் ஏமாற்றினாயா என்று கேட்பீர்கள். அது ரிப்பேர். ஏமாற்று வேறு.

தோலைக் கையில் வாங்கியதும் எங்கள் மண்டியில் கேட்கிற முதல் கேள்வி, எப்படிச் செத்தது என்பதுதான். வலையில் மாட்டிச் செத்ததற்கு நல்ல விலை. துப்பாக்கி என்றால் ரவை ஓட்டை இருக்கும், விலை இறங்கும். தடியால் அடித்துக் கொன்றதென்றால் தோலுக்குள் ரத்தம் கட்டி, அந்த இடத்து முடி பின்னால் கொத்தாகக் கழன்று வரும், அதனால் அதற்கு அடிமாட்டு விலைதான். இது தெரிந்த பிறகு எவன் அடித்தேன் என்று சொல்வான்? எல்லா நரியும் வலையில்தான் செத்தது. ஒருத்தன் ரவை உள்ளே கிடந்து கலகலக்கிற தோலைக் கொண்டுவந்து வலை என்றான். நான் ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன், ஊதிப் பார்ப்பேன், உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அவர்கள் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். இப்படித்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை.

வருகிறவர்களில் ஒரு மலைக்காரர் இருந்தார். நடுவயசு, அதிகம் பேச மாட்டார். வாயாடிகளைக் கூட நம்பிவிடலாம், ஏதாவது ஒரு இடத்தில் உளறிவிடுவார்கள். இவர் தோலைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் தை மாதம் அவர் கொண்டுவந்த ஒரு தோல் சரியாகக்கூடக் காயவில்லை. விலாவில் ஒரு கிழிசல். உள்பக்கம் முதுகிலும் கழுத்திலும் கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. எப்படிச் செத்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு வழக்கம்போல, வலை என்றார். வாய் கூசாமல் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல முடி, விட மனசில்லாமல் விலையைக் குறைத்து வாங்கிவிட்டார் வீட்டுக்காரர்.

மறுநாள் அந்தக் கிழிசலைத் தைக்கும்போது ஊசி வழுக்கி என் இடது ஆள்காட்டி விரலில் ஆழமாக ஏறிவிட்டது. ரத்தம் தோல் மேலேயே சொட்டியது. தையல்காரிக்கு இதெல்லாம் சகஜம். வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு மீதியையும் தைத்து முடித்தேன்.

அந்த வாரமே மலையிலிருந்து கடுக்காய் விற்க வரும் அம்மாள் வந்தாள். தோல் பதனிட வேலூர்ப் பக்கம் கடுக்காய் போகும், அதையும் நாங்கள் வாங்குவோம். மூட்டையை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே, மேலே ஒரு வெறிபிடித்த நரி திரிந்ததாகவும், கட்டியிருந்த மாட்டைக் கடித்துவிட்டதாகவும், யாரோ அடித்துக் கொன்றதாகவும் சொன்னாள். யார் அடித்தது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டதற்கு அந்த மலைக்காரரின் ஊர்ப் பெயரைச் சொன்னாள். நான் என் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

வெறிநாய் கடித்த ஒருவர் சாகிறதை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கண்டாலே தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அந்த நினைப்பு வந்ததும் விரலில் ஆறிப்போன இடம் மறுபடி வலிக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். தோல் கடிக்குமா என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த நரி எப்படிச் செத்தது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தவர் ஒரே ஆள். அந்த ஆள் வாயில் வலையைத் தவிர வேறு வார்த்தை வராது. வேறு வழியில்லாமல், ஊருக்குத் திரும்பிய கடுக்காய் அம்மாளோடு நானும் புறப்பட்டேன். கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ், அதற்கு மேல் நடை.

மேலே போனபோது மலைக்காரர் தன் வீட்டு வாசலில் பிரம்புக்கூடை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தோலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், முகம் இறுகிவிட்டது. அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. நான் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன்.

"இன்னாய்யா அது, கையில?"

"முள்ளு கிழிச்சிதுங்க பாயம்மா."

"அந்த நரி எப்பிடிய்யா செத்திச்சி?"

"வலையிலதாங்க."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆளைக் கடித்திருக்கிறது. கடித்ததை அடித்துக் கொன்று, தோலை உரித்து, விலை குறையுமே என்று வலை என்கிறான். கடியையும் மறைக்கிறான். எத்தனை நாளில் சாகப்போகிறானோ. இத்தனையும் என் மனசுக்குள் ஓடியது. வாயில் வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன். பிறகு விரலைக் காட்டி, ஊசி ஏறியது, ரத்தம் வந்தது, கடுக்காய் அம்மாள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் குறைக்க வரவில்லை, கொடுத்ததைத் திருப்பியும் கேட்கவில்லை, என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்றேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அது அவருக்காகவா எனக்காகவா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் சுவரைப் பார்க்கிறவர் அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, போலாங்க என்றார். இவ்வளவு சுலபமாக வருகிறாரே, கடித்தது நிஜம்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் பச்சிலையைப் பிரித்துப் பார்த்தார். கை வீங்கி, பச்சிலைச் சாறு காய்ந்து ஒட்டி, காயம் முள்ளா பல்லா என்று சொல்ல முடியாத கோலத்தில் இருந்தது. இவர் முள் என்றார். நான் கடி என்றேன். அந்தப் பக்கம் வெறிநரி திரிந்தது உண்மையென்றால் ஊசி போட்டுவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் போடுவார்களே, அந்த ஊசி. என் விரலைப் பார்த்துவிட்டு, உப்புப் போட்ட தோலில் குத்திய ஊசிக்கெல்லாம் பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தேவையில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

இவர் அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு வேணான்னா எனக்கும் வேணாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என்னை நம்பவில்லை. தோல்காரி ஏதோ சூது பண்ணி இவர் வயிற்றில் மட்டும் ஊசி போட வைக்கிறாள் என்று நினைக்கிறார். நானும் இவர் தோலை ஒரு நாளாவது சந்தேகப்படாமல் வாங்கியிருக்கிறேனா? ஆனால் இவரை அப்படியே விட்டால் மலைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக் கத்திச் சாவார். டாக்டர் பக்கம் திரும்பி, வாயில் வந்ததைச் சொன்னேன். நரியை உயிரோடுதான் மண்டிக்குக் கொண்டுவந்தார், என் விரலில் புண் இருந்தது, அதை அது நக்கிவிட்டது, பயத்தில் மறைத்துவிட்டேன் என்றேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாசலில் நின்ற இவர் வாயே திறக்கவில்லை. பொய்க்குப் பொய் துணை நிற்கிறது என்று நினைத்தேன். எனக்கும் சேர்த்து ஊசி எழுதினார்.

அது சாதாரண ஊசி இல்லை. வயிறு கல் மாதிரி கட்டிக்கொள்ளும், குனிய முடியாது, பாய்போட்டுப் படுத்தால் புரள முடியாது. ஒன்றும் ஆகாத உடம்புக்கு இது தேவையா என்று தினமும் இவரைத் திட்டிக்கொண்டே போவேன். முதலில் எனக்குத்தான் போட வேண்டும் என்று இவருக்குப் பிடிவாதம். திரைக்கு வெளியே நின்று, நர்ஸ் வெளியே வந்ததும், அந்தம்மாவுக்குப் போட்டாச்சா என்று கேட்பார். போட்டாச்சு என்று சொன்ன பிறகுதான் சட்டையைத் தூக்குவார். எவ்வளவு சந்தேகம் பாருங்கள், உளவு பார்க்கிறான் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். வீட்டுக்காரருக்கு வேறு கவலை. மண்டிக் கொட்டகையில் அந்த ஆளைப் படுக்க வைத்திருந்ததால் காலையில் எழுந்ததும் தோல்கட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சோறு கொண்டுபோய் வைத்தால் இவரும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அந்தக் கொட்டகையில் யாரும் யாரையும் நம்பவில்லை.

கடைசி ஊசி போட்ட அன்று அவரைப் பஸ் ஏற்ற ஸ்டாண்டுக்குப் போனேன். வழிக்கு இட்லிப் பொட்டலம் கொடுத்தேன். வாங்கும்போது கையைப் பார்த்தேன். வீக்கம் வற்றி, கட்டு அவிழ்ந்து, தழும்பு சுத்தமாகத் தெரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடு. தோலில் நாய்ப்பல் பட்ட ஓட்டை, முள் கிழித்த கிழிசல், கத்திக் கீறல் எல்லாம் தைத்தவள் நான். பல்லென்றால் குழி குழியாக இருக்கும். இதில் ஒரு குழி இல்லை.

"யோவ், இது முள்ளுய்யா."

"அப்பவே சொன்னனேங்க. வலைய இழுக்கசொல்ல இலந்த முள்ளு கிழிச்சிது. அந்த வெறிநரிய வேற ஆளுங்க அடிச்சி பொதைச்சிட்டாங்க. இது நல்ல நரிங்க. வலையில மாட்டி எகிறிகினு இருந்திச்சி, அடிச்சி அடக்கினோம்."

"அப்பறம் ஏன்யா இத்தினி ஊசி போட்டுக்கின?"

அவர் பஸ் பக்கம் பார்த்தபடி சொன்னார். "எங்க வூட்டாண்ட வந்து அழுதீங்களே. நான் வரலன்னா நீங்க ஊசிக்குப் போவ மாட்டீங்கன்னு பயந்துட்டேன். டாக்டரும் வேணான்னுட்டாரு, அதான் நானும் வேணான்னு எழுந்தேன். இதுவும் அதே காட்டு நரிதான, எந்தோலு தொட்டு உங்களுக்கு எதுனா ஆயிட்டா?"

அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போய் நின்றேன். பிறகு மளமளவென்று சொன்னேன். எனக்கு ஊசி தேவையே இல்லை, நரி நக்கியது சுத்தப் பொய், நீ எழுந்து போய்விட்டாய் என்பதற்காக, உன்னைச் சாக விடக்கூடாது என்பதற்காகத்தான் வயிற்றைக் காட்டினேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு தோல்காரரிடம் நான் சொன்ன முழு உண்மை அதுதான்.

அவர் முழுக்கக் கேட்டார். மண்டியில் நான் விலை சொல்லும்போது கேட்பாரே, அதே முகம். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

"சரிங்க பாயம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.