பக்கத்து சீட்டு

எங்கள் உறவுக்காரர்களில் பாதிப் பேருக்கு, நானும் என் கணவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. கல்யாணமானாலும் சரி, பிள்ளைகள் சர்ச்சில் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மையானாலும் சரி, நான் காரில் வருவேன். அவர் பக்கத்து ஊர் என்றால் ஸ்கூட்டரில் வருவார், தூரம் என்றால் ரயிலில் வருவார். மண்டபத்துக்கு முந்தைய தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நான் காத்திருப்பேன். அவர் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து உள்ளே போவோம். பார்த்துவிட்டுக் கேட்பவர்களிடமெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். அவருக்குக் கார் ஒத்துக்காது.

உண்மையிலேயே ஒத்துக்காது. மதுரை ரோட்டில் ஏறினால் சின்னாளபட்டி வருவதற்குள் முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, கையால் சைகை காட்டுவார். நான் ஓரம்கட்டுவேன். பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழமும் மடித்த பாலித்தீன் கவரும் இருக்கும். பஸ்ஸிலும் அதே கதிதான். மாத்திரை, இஞ்சி மிட்டாய், தொப்புளில் ஒட்டும் பிளாஸ்டர் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் வாந்தி வராது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் விருந்து முடியும்வரை தூங்குவார்.

நானோ கார் பைத்தியம். அப்பா வாடகைக்கு கார் வைத்திருந்தார். சைக்கிள் பழகுவதற்கு முன்பே நான் ஸ்டியரிங் பிடித்தேன். பெண் பார்க்க வந்த அன்று பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று வாய்வலிக்க விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காரில் உட்காரத் தெரியுமா என்று எங்கள் பக்கம் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை வருமானத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு சிவப்பு பெட்ரோல் கார். தன்னால் ஏறவே முடியாத அந்தக் காரை அவர்தான் சனிக்கிழமை தோறும் கழுவித் துடைப்பார். எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இதற்காக நான் எத்தனையோ முறை மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார் என்று சொன்னதில்லை.

மகளைத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். அங்கே ரயில் கிடையாது. அவர் மாதம் ஒருமுறை ஸ்கூட்டரிலேயே மலையேறிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். போன வருடம் முதுகுத் தண்டில் வட்டு விலகிவிட்டது. இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு அவருக்கு மலை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மகளும் மருமகனும் புது வீடு கட்டி முடித்தார்கள். சர்ச்சில் இருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கும் நாளையும் குறித்தாயிற்று. பெண்ணின் தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து சீர்த்தட்டோடு வாசல் ஏற வேண்டும், மாதா சுரூபத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மகள் போனில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா சங்கடப்படுவார் என்று அவளுக்குத் தெரியும். என்னை மட்டும் போய்விட்டு வரச் சொல்லி, தான் வீட்டிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இந்தக் கவலையை நான் கொண்டுபோய்க் கொட்டிய இடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நத்தம் ரோட்டில் புளியமரங்களுக்கு அடியில் ஒரு டீக்கடை. காலையில் கார்ப் பித்துப் பிடித்தவர்கள் சிலர் அங்கே கூடுவோம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் குறை சொல்வதுதான் வேலை. அதில் பெண் நான் ஒருத்திதான். கொஞ்ச நாளாக அங்கே பேச்செல்லாம் பெட்ரோலா கரண்ட்டா என்பதுதான். தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து சண்டை சூடு பிடித்திருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஒட்டன்சத்திரத்து காய்கறி கமிஷன் மண்டிக்காரர். கியரை மாற்றும்போது வண்டி கை வழியாகப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. பாயின் காரைக் கிரைண்டர் என்றுதான் சொல்வார். இட்லிக்குப் போட்டாச்சுங்களா என்று கேட்டுக்கொண்டேதான் டீயைக் கையில் வாங்குவார். பாய் சிரித்துக்கொண்டே, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்வதையும் மிதித்த மாத்திரத்தில் வண்டி பாய்வதையும் எடுத்துவிடுவார். சென்னைக்குப் போனால் வழியில் சார்ஜுக்கு வரிசையில் நிற்பீர்களே என்று இவர் மடக்குவார். நான் அதுவரை ஒட்டன்சத்திரத்துக்காரர் பக்கம். இன்ஜின் சத்தம் கேட்காவிட்டால் எனக்குக் கார் ஓட்டியதாகவே தோன்றாது.

என் கவலையைக் கேட்டதும் இரண்டு கட்சியும் சண்டையை நிறுத்தின. பெட்ரோல் வாடைதான் வாந்திக்குக் காரணம் என்று பாய் அடித்துச் சொன்னார். வாடையும் இல்லை, அதிர்வும் இல்லை, என் வண்டியில் மச்சானைச் சிறுமலைக்கு ஏற்றிப் பார்ப்போம் என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதால் என் கணவர் அவருக்கு மச்சான். வாடை இல்லையென்றால் ஒருவேளை சரியாகுமோ என்று எனக்கும் ஆசை தட்டியது. அதுவரை பேசிய பேச்சையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கட்சி மாறினேன்.

அடுத்த ஞாயிறு நான் பாயின் காரை ஓட்டினேன், என் கணவர் பக்கத்து சீட்டில், பாயும் மண்டிக்காரரும் பின்னால். மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை. பெட்ரோல் காரில் இருந்ததைவிட மோசமாக வாந்தியெடுத்தார். காரணம் பிறகு புரிந்தது. அந்த வண்டியில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். என் பழைய பெட்ரோல் கால் எடுப்பதும் மிதிப்பதுமாக இருந்ததில் அவர் முன்னும் பின்னும் ஆடி, வயிறு புரண்டுவிட்டது. நாங்கள் சாலையோரம் நின்று, காலைப் பழக்க வேண்டும், அந்தப் பிடிப்பைக் குறைத்து வைக்க வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கூட்டர்ல எனக்கு ஒண்ணும் பண்ணலயே. அதுலயும் பெட்ரோல்தான ஊத்துனேன்?"

தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டுப் பாயின் காரைப் பார்த்தார்.

"செத்த நேரம் நான் ஓட்டிப் பாக்கவா?"

கார் பைத்தியங்கள் நாங்கள் இத்தனை பேர் இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். வாடை, சத்தம், அதிர்வு, டயர் காற்று, சஸ்பென்ஷன் என்று அலசாத இடமில்லை. ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுக்கலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை விடியலில் புளியமரத்தடியில் நிற்கப்போகிறோம்?

அவரிடம் கார் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து எப்படியோ வாங்கியது. கிளட்சும் அவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் நிற்பவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். அதோடு விட்டுவிட்டார். பாயின் காரில் கிளட்ச் இல்லை, அணைவதற்கு இன்ஜினும் இல்லை. காந்திகிராமம் பக்கம் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற இடத்தில், புல் முளைத்த தார் ரோட்டில், அவர் முதல் முறையாக ஓட்டினார். சுற்றிச் சுற்றி வந்தார். இறங்கும்போது முகம் வெளுக்கவில்லை. பசிக்கிறது என்றார். காரில் இருந்து இறங்கி அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கிளட்ச் இல்லாமல் பெட்ரோலிலும் கார் இருக்கிறதே என்று ஒட்டன்சத்திரத்துக்காரர் நியாயமாகவே சொன்னார். தன் மைத்துனர் காரைக் கொண்டுவந்தும் காட்டினார். அதையும் என் கணவர் ஓட்டினார். ஆனால் மேட்டில் கியர் தானாக மாறி இன்ஜின் உறுமும்போதெல்லாம், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பதறினார். நான் சங்கீதம் என்று கேட்ட சத்தம் அவருக்குத் திட்டு வாங்குவதுபோல் இருந்திருக்கிறது. மண்டிக்காரர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. சாருக்கு மட்டும் கிரைண்டருக்கு அனுமதி என்றார்.

பாயை நான் என்ன சொல்லிப் புகழ்வது? கார்ப் பித்துப் பிடித்தவன் சொந்தத் தம்பிக்குக்கூடச் சாவியைக் கொடுக்கத் தயங்குவான். அவர் புது வண்டியை, வாங்கிய வாசம் போகாத வண்டியை, ஐம்பது தாண்டிய கத்துக்குட்டியிடம் வாராவாரம் கொடுத்தார். பம்பரில் ஒரு கீறல் விழுந்தது. கண் திருஷ்டி கழிந்தது என்று சிரித்தார். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தால் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அதனால் பாய் என்னை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து பழக்கினார். சித்தையன்கோட்டை வயல் ரோடு, பிறகு சிறுமலை வளைவுகள் என்று அவர்கள் போய்வரும்வரை நான் டீக்கடையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

மந்திரிப்பு நாளன்று விடியலிலேயே பாய் வண்டியை முழுச் சார்ஜோடு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாதா சுரூபத்தைப் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டோம். ஒட்டன்சத்திரத்துக்காரரும் தன் பெட்ரோல் காரோடு வந்து நின்றார். டிக்கியில் கயிறு கிடந்தது.

"நான் பின்னாலயே வர்றனுங்க. நின்னுபோச்சுன்னா கட்டி இழுக்கோணுமில்ல?"

மலை ஏறத் தொடங்கியதும் எனக்குச் சார்ஜ் கவலை பிடித்துக்கொண்டது. திரையில் அந்த எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் நிதானமாக ஓட்டினார். வளைவுகளை என்னைவிட மெதுவாகத்தான் எடுத்தார், ஆனால் பயமில்லாமல் எடுத்தார். சில வளைவுகள் போனதும் எனக்கு என்னவோ போல் இருந்தது. காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. வாயில் எச்சில் ஊறியது. இரவு சரியாகத் தூங்காததுதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் வயிறே மேலே ஏறி வந்தது. பேச வாய் வரவில்லை. கையால் சைகை காட்டினேன், அவர் எனக்குக் காட்டுவாரே, அதே சைகை.

அவர் ஓரம்கட்டினார். நான் கதவைத் திறந்து பள்ளத்தைப் பார்த்து வாந்தியெடுத்தேன். மனுஷர் இறங்கி வந்து முதுகைத் தடவிவிட்டார். பின்னால் நின்ற மண்டிக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் பாக்கெட்டில் கைவிட்டு எலுமிச்சம்பழத்தையும் மடித்த கவரையும் எடுத்தார்.

"நீங்கதான் ஓட்டுறீங்கள்ல? இத ஏன் கொண்டாந்தீங்க?"

"ஒனக்குத்தான். பக்கத்து சீட்டுல உக்காந்து வாரவங்களுக்குத்தான வேணும்? அந்த நம்பரப் பாக்காத. ரோட்டப் பாரு."

பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வாந்தி ஒரு தடவை வந்ததற்கே உலகம் வேண்டாமென்று ஆகிவிட்டது எனக்கு. இதே வேதனையை ஒவ்வொரு முறையும் தாங்கிக்கொண்டு, நான் ஓரம்கட்டும்போது சலித்துக்கொள்வதையும் பொறுத்துக்கொண்டு, மறுநாள் அதே காரைத் துடைத்து வைத்த மனுஷர் இவர். அன்று வாய்விட்டே நன்றி சொன்னேன். நான் நினைத்த மாதிரியே சிரித்தார்.

மகள் வீட்டுத் தெரு வந்தது. பழக்கதோஷத்தில் முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். யாருக்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர் நேராக வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போனார். சத்தமில்லாத வண்டி என்பதால் வாசலில் நின்றவர்கள் கடைசி நொடியில்தான் திரும்பிப் பார்த்தார்கள். மகள் டிரைவர் சீட்டில் அப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எலுமிச்சம்பழத்தோடு இறங்கிய என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள்.

அவர் பின் கதவைத் திறந்து மாதா சுரூபத்தின் சீட் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே, கூடியிருந்த உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒண்ணுமில்லம்மா. ஒங்கம்மாவுக்குக் கார் ஒத்துக்காது."