கான்வென்ட் வாசல்ல துடைச்ச திருநீறு

இன்னிக்குக் காலையில என் கடைக்குட்டிக்கு முதலாம் ஆண்டுல இடம் கேட்டு டவுன்ல இருக்கிற கான்வென்ட்டுக்குப் போனேன்.

பள்ளிக்கூட விஷயம்னா எங்க ஊரு குனோங் ராபாட்ல பாதிப் பேர் என்னைத்தான் கேப்பாங்க, உங்களுக்கே தெரியும். அங்க காத்திருந்த கூட்டம் தூரத்து ஊரு கோலா கங்சார் வரைக்கும் நின்னிருக்கும்லா.

வாசல்ல மகளோட நெத்தியைப் பாத்தேன். சம்சாரம் பட்டையா திருநீறு பூசி விட்டிருந்தா. கிறிஸ்துவப் பள்ளியாச்சே, இதைப் பாத்து இடம் இல்லன்னுட்டா? கைக்குட்டையால அழுத்தித் துடைச்சிட்டேன்.

தலைமையாசிரியை தமிழ்க் கிறிஸ்துவ அம்மா. நான் என் பெருமையைச் சொல்லி முடிக்கல, அவங்க பிள்ளை பக்கம் குனிஞ்சாங்க.

"நெத்தி ஏன்மா செவந்திருக்கு?"

"அம்மா திருநீறு வச்சாங்க டீச்சர். அப்பா துடைச்சிட்டாரு."

அவங்க என்னை நிமிர்ந்து பாத்தாங்க. "அண்ணே, வகுப்புல போய்ப் பாருங்க. எத்தனையோ பிள்ளைங்க பூசிட்டுத்தான் வருது. நாங்க யாரையும் துடைக்கச் சொன்னதில்ல."

லோரி ஹார்ன் மாதிரி பேசுற நான் கைக்குட்டையைப் பைக்குள்ள திணிச்சேன்.

"இடம் இருக்கு. அம்மா அனுப்புற மாதிரியே கூட்டிட்டு வாங்க."

கார்ல மகள் என் கைக்குட்டையை எடுத்து, அதுல ஒட்டியிருந்த திருநீறை நெத்தியில தேய்ச்சுக்கிட்டா. "அம்மா கேப்பாங்கப்பா," அவ்வளவுதான் சொன்னா.

இடம் கிடைச்சதை சம்சாரத்துக்குச் சொல்லிட்டேன். துடைச்சதைச் சொல்லல. அவளும் இந்தப் பேஸ்புக் பதிவைப் பாப்பா. அதுக்குள்ள யாராவது என்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை கீழ எழுதி வைங்கலா.