நேராக நடந்தால் கல்யாணம், நொண்டினால் கேஸ்

என் இடது முழங்காலை உடைத்தது ஒரு மிளகு வியாபாரியின் அம்பாசடர் கார். மட்டாஞ்சேரி பஜார் தெருவில் எதிரே வந்த கைவண்டிக்கு வழிவிட அது பின்னால் வந்தது. பின்னால் நான் நின்றிருந்தேன். டிரைவர் இறங்கி வந்து முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் இருந்தது, ஆனால் முட்டி மடங்க மறுத்தது.

அப்பா வேறொரு வியாபாரியின் கிடங்கில் மூட்டை எடை போடுகிறவர். வியாபாரிகள் என்றாலே எழுந்து நிற்கிற மனிதர். "பெரிய ஆளுங்களோட நமக்கு எதுக்கு?" என்று காலையும் விதியையும் ஒன்றாகக் கட்டி மூலையில் போட்டுவிட்டார். எங்கள் தெருவில் ஒரு வக்கீல் இருந்தார். குடியிருப்பவர்களைக் காலி செய்ய வைப்பதும், காலி செய்யாமல் காப்பாற்றுவதும்தான் அவருடைய தொழில். பணம் தரப்போவது வியாபாரி இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று அவர் சொன்னதும் அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. கம்பெனிக்கு முகம் கிடையாது, நாளைக்கு வழியில் பார்த்து முறைக்காது. "ஆனா எனக்கு வீட்டுக் கேஸ்தான் தெரியும். இதுக்குன்னே எர்ணாகுளத்துல ஆளு இருக்கு" என்றார் வக்கீல்.

அப்பாவும் நானும் படகேறிப் போனோம். அந்த வண்டிக்கேஸ் வக்கீலின் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் கூட்டினாலும் ஒரு முழு ஆள் தேறமாட்டார். கட்டு, கம்பு, தூளி போட்ட கை. வக்கீல் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தார்.

"மோளுக்குக் கல்யாணம் ஆயாச்சா?"

"இல்ல சாரே" என்றார் அப்பா, குற்றம் செய்தவர் போல.

"நன்னாயி."

இந்தப் பதிலுக்கு இப்படி ஒரு வாழ்த்து எங்கள் குடும்பத்துக்கு அதுவரை கிடைத்ததில்லை. வக்கீல் விளக்கினார். வேலைக்குப் போகாத பெண்ணின் காலுக்கு இன்ஷூரன்ஸ்காரன் பெரிதாக ஒன்றும் தரமாட்டான். காலால் கல்யாணம் நின்றுபோனது என்று காட்டினால் அது வேறு கணக்கு. பிறகு என்னை நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன்.

"போறாது, மோளே. கோர்ட்டு நம்பணும். இடுப்பில கை வை. காலை இழு. நடுவில நின்னு ஒரு மூச்சு விடு."

வீட்டுக்கு வந்தால் இதற்கு நேர் எதிரான பள்ளிக்கூடம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நடக்க அம்மா பயிற்சி கொடுத்தாள். அடுப்படியிலிருந்து முன்னறைக்கு, முன்னறையிலிருந்து அடுப்படிக்கு. "பல்லைக் கடிச்சுக்கோ. காலைப் பாக்காதே, தட்டைப் பாரு. நேரா நட." ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டிலும் அதே கால். எர்ணாகுளத்தில் இழுக்க வேண்டும், மட்டாஞ்சேரியில் இழுக்கக் கூடாது. இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், என் கால் அதன் இஷ்டத்துக்கு எப்படி நடக்கும் என்பது எனக்கே மறந்துவிட்டது.

மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஆட்களிடம் அது ஒரு மரியாதை. பெண்ணின் கால் சரியில்லை, நிறம் போதாது, அப்பனுக்கு வசதியில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். எல்லாப் பழியையும் கிரகங்கள் தலையில் போட்டுவிட்டுப் பலகாரத்தைத் தின்று போவார்கள். அந்த மூவரில் ஒருவர் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போகவே இல்லை.

எர்ணாகுளத்து வக்கீலுக்கு இந்த மரியாதை பிடிக்கவில்லை.

"மூணு பேரும் வேண்டாம்னு சொல்லியாச்சு. காரணம்?"

"ஜாதகம், சாரே."

பேனாவைக் கீழே வைத்தார். "ராகுவுக்கும் கேதுவுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது, கேட்டோ. கால் காரணமாத்தான் வேண்டாம்னு சொன்னேன்னு ஒருத்தன் கூண்டில ஏறிச் சொல்லணும்."

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "எம்பொண்ண எவனும் கட்டமாட்டான்னு நாலு பேரு முன்னாடி சாட்சி வெச்சு நிரூபிக்கப் போறீங்களா? கேஸ் ஜெயிச்சா அப்புறம் எவன் வருவான்?" என்றாள் அம்மா. "கேஸ் தோத்தா மட்டும் எவன் வரான்?" என்றார் அப்பா. இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு கோபம். கல்யாணம் கூட வேண்டாம், என்னை எங்காவது ஓர் ஓரமாக உட்காரவிட்டால் போதும் என்றிருந்தது.

அப்பா தேவராவுக்குப் போனார். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை அங்கே ஒரு பட்டறையில் பிட்டர். என்னைக் கட்டிக்கொள்ளும்படி கேட்கக் கூச்சப்பட்ட அப்பா, ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கோர்ட்டில் வந்து சொல்லும்படி கேட்டார். அந்த மாப்பிள்ளையும் பாவம், பெரியவர் வீடு தேடி வந்துவிட்டாரே என்று சரி சொல்லிவிட்டார். என்ன சொல்லப்போகிறார் என்று அப்பாவும் விசாரிக்கவில்லை. அதையும் வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லையாம்.

விசாரணைக்கு அம்மாவும் வந்தாள். அடுத்த வாரம் இடக்கொச்சியிலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. கோர்ட்டில் தெரிந்தவர்கள் யாராவது இருந்துவிட்டால்? படகில் என் காதோரம் குனிந்து, "அங்கயும் நேராவே நட" என்றாள்.

மாப்பிள்ளை கூண்டில் ஏறினார். கஞ்சி போட்ட சட்டை.

"இந்தப் பெண்ணை வேண்டாம்னு சொன்னதுக்கு எந்தா காரணம்?" என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"ஜாதகம் சார்."

"சத்தியம் பண்ணியிருக்கு. உள்ளது சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வியர்த்தார். "கால் இல்ல சார். எங்கம்மா உள்ளறைக்குப் போயி, கொஞ்சம் நடந்து காட்டும்மான்னு கேட்டாங்க. முதல்ல உங்க பையனை நடக்கச் சொல்லுங்க, நான் பாக்கிறேன்னு இவங்க சொல்லியிருக்காங்க. அம்மாவுக்கு அது பிடிக்கல."

அப்படிச் சொன்னது உண்மைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், என் வாய் என் கேஸையே தின்றுவிட்டது.

கம்பெனி வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "அப்போ அம்மா சம்மதிச்சா நீங்க கட்டிக்குவீங்க?"

"அம்மா சொன்னா கட்டிக்குவேன் சார்."

கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஆள் தப்பித்தான் என்று நினைத்தேன், அதைவிட நான் தப்பித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி என்னைக் கதவு வரைக்கும் போய் வரச் சொன்னார். எங்கள் வக்கீல் தன் இடுப்பில் கைவைத்து ஜாடை காட்டினார். பின்வரிசையில் அம்மா முதுகை நிமிர்த்திக் காட்டினாள். எனக்கு இரண்டு பேர் மேலும் அலுப்பு வந்துவிட்டது. யார் சொன்னதையும் செய்யாமல், வலிக்கிற இடத்தில் வலிக்கவிட்டு, கால் போகிற மாதிரி போனேன்.

வக்கீல் சொல்லிக் கொடுத்ததைவிட அது மோசமாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவுக்குப் போய்ச் சேருவதற்குள் பெஞ்சை இரண்டு தரம் பிடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி தலையைக் குனிந்து எழுதினார். பின்னால் தீர்ப்பு வந்தபோது கல்யாணம் என்ற பேச்சே அதில் இல்லை. காலுக்கு மட்டும், அப்பா எதிர்பார்த்ததைவிட நல்ல தொகை கிடைத்தது.

வெளியே வந்ததும் வக்கீல் என்னைக் கடிந்துகொண்டார். "இந்த நடை கையில இருந்திருந்தா ஏன் மோளே என்கிட்ட காட்டல? சாட்சியே வேண்டியிருந்திருக்காதே."

அம்மா கோர்ட் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வீட்ல தட்டெடுத்துட்டு நடந்தப்பல்லாம் இப்படித்தான் வலிச்சுதாடி?"

"ஆமா."

ஒவ்வொரு படியிலும் அவள் முதலில் இறங்கி, நான் வந்து சேரும்வரை நின்றாள்.