பலகையில் இரண்டு பெயர்

மருந்து அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் அவள் பதின்மூன்று வருடமாக வடிவமைப்பாளர். இருமல் மருந்துப் பெட்டியில் வரைந்தவர் பெயரை யாரும் தேடுவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. வருத்தம் ஓரகத்தியால் வந்தது.

கொழுந்தன் மனைவி, இளையவள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்த அறை எங்கே என்று தெரியாமல் பிள்ளைகளும் பெற்றவர்களும் அலைகிறார்கள், சுவரில் ஏதாவது வரைந்து கொடுங்கள், ஆனால் ஆஸ்பத்திரியால் எதுவும் தர முடியாது என்று கேட்டாள். பெரியவள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாள். எக்ஸ்ரே அறைக்கு யானை வழிகாட்டியது, ஊசி போடும் அறைக்கு முயல். சீலிங்கில் மீன்கள் நீந்தின. பெயர் மட்டும் போட்டால் போதும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தாள்.

திறப்பு நாளில் பலகையில் ‘வடிவமைப்பு: செவிலியர் குழு’ என்று இருந்தது. பெரிய டாக்டர் இளையவளை அழைத்துக் கைகுலுக்கினார். அந்தப் போட்டோவை மாமியார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘என் சின்ன மருமகளுக்குக் கையெல்லாம் கலை’ என்று எழுதியிருந்தார். பெரியவள் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். இளையவளுக்கு ஒழுங்காக ஒரு வட்டம் போட வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் சிரிப்பு, தலை வாரியிருந்த விதம், அவள் பிள்ளை வாங்கிய மார்க், எல்லாமே கண்ணை உறுத்தின.

நான்கு மாதம் கழித்து இரண்டாம் மாடிக்கும் வரையச் சொல்லிக் கேட்டார்கள். இந்த முறை பெரியவள் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போனாள். வேலை இலவசம், இரண்டு மாடிப் பலகையிலும் அவள் பெயர், ஆஸ்பத்திரி வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் பெயர், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. நிர்வாக அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“சும்மா செய்யறதுக்கு எதுக்கும்மா ஒப்பந்தம்?”

“சும்மா செய்யறதாலதான் சார். எனக்குக் கிடைக்கப்போறது பேர் ஒண்ணுதான். அதுவும் அடுத்தவங்களுக்குப் போயிட்டா?”

அடுத்தவள் பக்கத்தில்தான் நின்றாள். தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். பலகையில் அப்படி எழுதியது ஆபீஸ்தான், ஆனால் தானும் வாயைத் திறக்கவில்லை, அது தப்பு என்று ஒப்புக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“அக்கா, சீலிங்ல வரையலாம்னு யார் சொன்னாங்கன்னும் இதுல எழுதணுமில்ல?”

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போகும் பிள்ளைக்குச் சுவர் தெரியாது, மேலேதான் பார்க்கும் என்று இளையவள் போனில் சொன்னது நன்றாக நினைவிருந்தது. திறப்பு நாளில் வந்தவர்கள் அண்ணாந்து நின்று பார்த்ததும் மேலே நீந்திய அந்த மீன்களைத்தான். ஒப்பந்தத்தில் அதை அவள் எழுதவில்லை. மறதியால் விடுபட்டதல்ல.

அங்கேயே பேனா வாங்கி ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

புதுப் பலகையையும் அவள்தான் வடிவமைத்தாள். முதலில் இளையவள் பெயரைவிடத் தன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் வைத்தாள். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, அச்சுக்கு அனுப்பும் காலையில் இரண்டையும் சமமாக்கினாள்.

மாமியார் பலகையைப் படித்துவிட்டு, “அட, நீயும் வரைஞ்சியா?” என்றார்.

“நான்தான் அத்தை வரைஞ்சேன்” என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது. மீன்களை மேலே விடலாம் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்னும் மனதை அரிக்கிறது. ஆனால் மூன்றாம் மாடிக்குக் கேட்டபோது, எந்த யோசனை யாருடையது என்று தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் பென்சிலை எடுத்தாள்.