தெரியாது என்று இரண்டு தடவை

ஊருக்குள் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று செல்போன் சொன்ன வருஷம் நான் நான்காம் வகுப்பு. எங்கள் குப்பத்துக்கு நல்ல தண்ணீர் ஒழுங்காக வராது. வாட்ஸ்அப் தவறாமல் வரும். வடக்கிலிருந்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளை மயக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு குரல் பேசும். அந்தக் குரல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், பக்கத்து வீட்டு வாத்துக்குப் பயம். அந்த மாதம் முழுக்க அம்மாவின் முந்தானையை விட்டு நகரவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்து கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. வெளியாள் யாரையும் எந்த வீட்டிலும் தங்க வைக்கக்கூடாது. மீறினால் அந்தக் குடும்பத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள், முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எங்கள் பக்கம் போலீஸுக்குப் பயப்படாதவர்கள்கூட இதற்குப் பயப்படுவார்கள்.

நேரம் பார்த்து, அந்த வாரமே மாமா ஓர் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். ஆரோவில் பக்கம் தோட்ட வேலை. வேலை விட்டு வரும் வழியில், பல்கலைக்கழக வாசல் பஸ் ஸ்டாப்பில் இவர்கள் சாமானோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஒடிசாக்காரர்கள். அந்த அக்காவுக்கு நாளை மறுநாள் காலை அங்கே மேல்படிப்புக்கு நேர்முகத் தேர்வு. வளாகத்துக்குள் தங்க இடம் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். சுற்றியிருந்த லாட்ஜ்களில் கேட்ட வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாண்டிச்சேரி வரைக்கும் அலைந்துவிட்டுத் திரும்பி அதே ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் தெரியும். இரக்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அம்மா முதலில் மறுத்தாள். "ஊர்ல என்னா பேசிக்கிறாங்கன்னு தெரிஞ்சுமா இங்க இட்டாந்த?" என்று மாமாவைக் கடிந்தாள். பிறகு அந்த அக்காவைப் பார்த்தாள். வெயிலில் உதடு வெடித்து, சான்றிதழ் ஃபைலை மார்போடு பிடித்தபடி நின்றிருந்தாள். "படிக்க வந்த பொம்பளப் புள்ள. ரோட்டுலயா உடுறது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளறையில் பாயை விரித்தாள். அப்பா கடலுக்குப் போயிருந்ததால் கேட்க ஆளில்லை.

அக்காவின் அப்பாவான அந்தப் பெரியவரிடம் பச்சை நிறத்தில் பெரிய ஜிப் பை ஒன்று இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் அதற்குள் அடங்கிவிடுவேன் என்று கண்ணாலேயே அளந்து வைத்தேன். ஜிப்பைத் திறந்து அவர் வெளியே எடுத்தது அவலும் வெல்லமும்தான். எனக்கும் ஒரு கை நீட்டினார். மயக்க மருந்து என்று முடிவு கட்டி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா வாங்கித் தின்றாள். எப்போது மயங்கி விழுவாள் என்று வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும் முன்னே அம்மா உப்பளத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என்னை எழுப்பி உட்கார வைத்தாள். "எவன் கேட்டாலும் எனக்கு யாரையும் தெரியாதுன்னு சொல்லணும். நம்ம வூட்டுக்கு யாரும் வரல. வாயத் தொறந்தியோ, தள்ளி வெச்சுடுவாங்க" என்று சொல்லி, தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பெரியவரிடம், வெளியே வரக்கூடாது என்று கையாலேயே காட்டினாள். அவரும் சிரித்துத் தலையாட்டினார்.

அன்று மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடை ஓரத்தில் அந்தப் பெரியவர் நிற்கிறார். நேர்முகத் தேர்வு நடக்கும் கட்டடத்தைப் பார்த்து வைப்பதற்காக மகள் காலையிலேயே, வேலைக்குக் கிளம்பிய மாமாவோடு போயிருந்தாள். இன்னும் திரும்பவில்லை. ஷீட் போட்ட அறைக்குள் அந்த வெக்கையில் எவ்வளவு நேரம்தான் பொறுத்திருப்பார். மகளைத் தேடி பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார்.

அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நேரே வந்து, என் புத்தகப் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் வெடுக்கென்று பின்வாங்கினேன்.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "ஏம்பா, யாரு நீ? புள்ளைங்ககிட்ட இன்னா வேல?" என்றார் ஒருவர். பெரியவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தப் பாஷையே போதுமானதாக இருந்தது. யாரோ சட்டையைப் பிடித்தார்கள். அவர் என்னைச் சுட்டிக் காட்டினார், பிறகு எங்கள் தெருவைக் காட்டினார், மறுபடி என்னைக் காட்டினார்.

"பாப்பா, இந்தாளு உங்க வூட்டுக்கு வந்தவனா? பயப்படாம சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்மேல் பயம், ஊரின்மேல் பயம், செய்த சத்தியத்தின்மேல் பயம். "தெரியாது" என்றேன்.

முதல் அடி அவர் காதோடு விழுந்தது. வலை இழுக்கிற நைலான் கயிற்றைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப் தூணில் அவரைக் கட்டினார்கள். பத்து செல்போன்கள் படம் எடுத்தன. கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்னிடம் குனிந்து, "நல்லா பாத்து சொல்லும்மா, தெரியுமா தெரியாதா?" என்று கேட்டார். தூணில் கட்டியிருந்த பெரியவரின் கண்ணில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணாலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு தெரியாது என்றவள் இப்போது தெரியும் என்றால் எனக்கும் அடி விழும் என்று தோன்றியது. இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

சாலையை ஒட்டித்தான் உப்புப் பாத்திகள். பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிக்கொண்டான் என்ற சத்தம் கேட்டு, உப்புக் கூடைகளைப் போட்டது போட்டபடி பெண்கள் ஓடிவந்தார்கள். அவரவர் பிள்ளையைத் தேடி வந்த ஓட்டம் அது. அம்மாவும் என்னைத் தேடித்தான் வந்தாள். என்னைக் கண்டு ஒரு மூச்சு விட்டாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றாள். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. "இவரு என் வூட்டுக்கு வந்த விருந்தாளி. நான்தான் தங்க வெச்சேன். அவுத்து உடுங்க" என்றாள். ஓங்கியிருந்த கை ஒன்று அப்படியே இறங்கியது. இறுகிப்போன முடிச்சை அவிழ்க்க வரவில்லை, கத்தியால் அறுத்தார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

அப்போதுதான் மாமாவும் மகளும் வந்த பஸ் நின்றது. அந்த அக்கா அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. அவள் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிடத் துடைத்துவிட, பெரியவர் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள். மாமா தனக்குப் புரிந்தவரைக்கும் சொன்னார். "அவர உட்டுடுங்கன்னு நீ ரெண்டு தபா சொன்னியாம். இத்தினி பேர்ல இந்தப் புள்ள ஒண்ணுதான் நமக்காகப் பேசுச்சுன்னு சொல்றாரு."

பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றைக்கும் அந்தக் கும்பிடு நினைவுக்கு வந்தால் கூசிப்போகிறேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்களை மாமா அன்றே கிளியனூரில் ஒரு சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். கிழிந்த சட்டைக்குப் பதில் அப்பாவின் சட்டையை அம்மா கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலை அந்த அக்கா சரியான நேரத்துக்குப் போய் நேர்முகத் தேர்வை முடித்தாள். வீங்கிய முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு பெரியவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தாராம். பஞ்சாயத்து சொன்னபடி எங்களைத் தள்ளி வைத்தது. தீபாவளி வரைக்கும் எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை.

ஆடி மாதத்தில் மாமாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்த அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் சேரவில்லை. காரணம் எதுவும் அதில் இல்லை. ஏன் சேரவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "ரொம்ப தூரமாச்சே" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஒடிசாவைத் தேடிக் கண்டுபிடித்து, எங்கள் கடற்கரையிலிருந்து விரலால் அளந்து பார்த்தேன். தூரம்தான், அம்மா சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு தூரத்தையும் கடந்து ஒரு தடவை வந்தவர்கள்தானே அவர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.